'சும்மா வரைவேன்' என்பதில் உள்ள சும்மாவை எடுப்பது எப்படி

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் "தம்பி என்ன பண்றீங்க?" என்று கேட்டால் நான் பத்து வருஷமாகச் சொல்லி வந்த பதில், "ஸ்பேர் பார்ட்ஸ் கடையில கணக்குப் பார்க்கிறேன், சும்மா கொஞ்சம் படம் வரைவேன்." அந்தச் சும்மாவை எடுக்கத்தான் இவ்வளவு காலம் ஆனது. உங்கள் வாயிலும் அது வருகிறது என்றால் மேலே படியுங்கள். எனக்குத் தெரிந்தது பென்சில் மட்டும்தான், நீங்கள் எழுதுகிறவரோ மிருதங்கம் வாசிக்கிறவரோ ஆனால் பென்சில் வரும் இடத்தில் உங்கள் சாமானைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில், பார்க்கிற வேலையை விடாதீர்கள். கலைக்காக எல்லாவற்றையும் உதறியவர்கள் கதை கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் மாதம் பிறந்தால் வாடகைக்கு வந்து நிற்கிற வீட்டுக்காரருக்கு அந்தக் கதை தேவைப்படாது. வேண்டியது ஒரு மணி நேரம், தினமும் அதே நேரம். எனக்கு விடிகாலை 5.30 முதல் 6.30. மதுரை வெயிலுக்கு அதுதான் சரிப்படும், சித்திரையில் எட்டு மணிக்கெல்லாம் உள்ளங்கை வேர்த்துத் தாளோடு ஒட்டிக்கொள்ளும். 'இன்றைக்கு மூடு இல்லை' என்று தோன்றுகிற அன்று விளாச்சேரிக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள், திருப்பரங்குன்றம் பக்கம்தான், மண் பொம்மை செய்கிற ஊர். பிள்ளையார் சதுர்த்திக்குப் பிள்ளையார், நவராத்திரிக்குக் கொலு பொம்மை, கிறிஸ்துமஸ் குடிலுக்கு மாதாவும் சூசையப்பரும் ஆட்டுக்குட்டியும் என்று அதே கைகள் ஒன்று மாற்றி ஒன்று செய்துகொண்டே இருக்கும். நான் போன நாட்களில் மூடு பற்றி அங்கே யாரும் பேசிக் கேட்டதில்லை, மழைக்கு முன்னால் மண் காயுமா என்பதுதான் பேச்சு.

அடுத்து, கண்ணைப் பழக்குவது. மீனாட்சி கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது என்று எல்லோரும் குறைப்படுகிறார்கள், எனக்கு அது பெரிய உபகாரமாக இருந்தது. கம்பத்தடி மண்டபத்தில் திருக்கல்யாணச் சிற்பம் இருக்கிறதே, நடுவில் மீனாட்சி, ஒரு பக்கம் சொக்கர், மறுபக்கம் தங்கையைத் தாரை வார்த்துக் கொடுக்கிற பெருமாள், அதன் முன்னால் பத்து நிமிஷம் நில்லுங்கள். முழுதையும் பார்க்க வேண்டாம், கைகளை மட்டும் பாருங்கள். பிறகு சித்திரை வீதிக்கு வந்து ஒரு ஓரமாக உட்கார்ந்து, பார்த்ததை வரையுங்கள். ஒன்றும் வராது. யார் கை மேலே, யார் கை கீழே என்பதே மறந்திருக்கும், பத்து நிமிஷம் பார்த்தும் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைக்கும். அடுத்த வாரம் திரும்பப் போங்கள். நான் நாலாவது தடவை போனபோதுதான் மீனாட்சியின் தலை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்த்தேன், சின்ன வயதிலிருந்து எத்தனையோ முறை கடந்துபோன தூண் அது. (வெள்ளிக்கிழமை வேண்டாம், கூட்டத்தில் இடித்துத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள்.)

சரி, இதெல்லாம் எதற்கு, சோறு போடுமா என்று வீட்டில் கேட்பார்கள். எங்கள் வீட்டிலும் கேட்டார்கள், அப்பத்தா சாகும் வரைக்கும். அவள் போன பிறகு பார்த்தால் வீட்டில் உருப்படியாக ஒரு படம் இல்லை. இருந்தது ஆதார் அட்டையில் உள்ளது மட்டும், அதில் யார்தான் தன் முகத்தோடு இருக்கிறார்கள்? 16-ம் நாள் காரியத்துக்கு மாலை போட ஒரு படம் வேண்டும். அப்பா வாசல்படியில் நின்றபடி, என் முகத்தைப் பார்க்காமல், "நீதான் வரைவியே" என்றார்.

உங்களுக்கும் ஒருநாள் இப்படிக் கேட்டு வருவார்கள், அதனால் செய்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆதார் படத்தைப் பெரிதாக நகல் எடுத்துக் கட்டம் போட்டேன், தாளிலும் அதே எண்ணிக்கையில் கட்டம். ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன்னால் சினிமா பேனர் எழுதிய ஒரு பெரியவர் கற்றுக்கொடுத்த முறை அது, தியேட்டர் உயரத்துக்கு முகங்களை அப்படித்தான் ஏற்றினார்களாம். கட்டத்தில் மண்டையின் அளவும் கண்களுக்கு நடுவே உள்ள தூரமும் கிடைத்துவிடும், ஆள் கிடைக்க மாட்டார். அதற்காக அப்பத்தாவின் தங்கச்சியை ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, தாடையையும் கன்னத்துச் சுருக்கத்தையும் அவளைப் பார்த்து எடுத்தேன். காது மட்டும் எனக்கே தெரியும், தண்டட்டியைக் கழற்றிய பிறகும் தோள்பக்கம் தொங்கிய காது. 2பி பென்சிலில் லேசாகக் கோடு, நிழலுக்கு அதைவிடக் கறுப்பான 6பி, கண்ணைக் கடைசியில் தொட்டேன்.

சித்தப்பா வந்து பார்த்து "மூக்கு அம்மா மூக்கு இல்லப்பா" என்றார். நிஜம்தான், வரவில்லை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அன்று ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேன், அப்பா இருட்டில் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று, யார் யார் காரியத்துக்கு வந்தார்கள், யார் வரவில்லை என்று ஒவ்வொரு பேராகச் சொல்லிக்கொண்டிருந்தார். கலையால் என்ன பிரயோஜனம் என்று யாராவது கேட்டால், எனக்கு இதற்கு மேல் பதில் தெரியாது. சோறு போடுமா என்று அதற்கப்புறம் எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை.

பணம் வாங்கக் கூச்சப்படாதீர்கள். பாதி முன்பணம் கைக்கு வந்த பிறகு தாளைத் தொடுங்கள், சொந்தக்காரராக இருந்தாலும். ஒரு கடைக்காரர் சுவரில் வரையச் சொல்லி, முடித்த பிறகு ஆறு மாதம் 'நாளைக்கு வா' என்று அலையவிட்டார், கடைசியில் அந்தச் சுவரிலேயே ஃப்ளெக்ஸ் மாட்டிவிட்டார்.

அப்புறம், கையெழுத்துப் போடுங்கள். கீழக்குயில்குடி சமணர் மலையில் ஏறினால் பாறையில் தீர்த்தங்கரர்கள் இருக்கிறார்கள், கீழே வட்டெழுத்து என்கிற பழைய எழுத்தில் இன்னார் 'செய்வித்த திருமேனி' என்று, ஆயிரம் வருஷத்துக்கு மேலாகியும் அப்படியே இருக்கிறது. செய்வித்தவர் பேர்தான். வெயிலில் உளி பிடித்தவர் யார் என்று அந்த வரி சொல்லவில்லை. எனக்கு அதைப் பார்த்துவிட்டு இறங்கும்போது கோபமே வந்தது, அன்றிலிருந்து வலது கீழ் மூலையில் பேரும் தேதியும் போடுகிறேன். நாலு படத்தில் போட்டுப் பழகிவிட்டால் பந்தியில் சொல்வது தானாக வரும். அப்பத்தா படத்தில் மட்டும் இன்னும் போடவில்லை, வீட்டுக்கு வரும்போதெல்லாம் சித்தப்பா மூக்கைத் திருத்தச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.