டேபிள் பெயரில் கேப்பிட்டல் லெட்டர் வைத்து மாட்டிக்கொண்டவர்களுக்கு

டேபிள் கண்ணெதிரே இருக்கிறது, ஆனால் செலக்ட் போட்டால் அப்படி ஒரு ரிலேஷனே (அதாவது டேபிளே) இல்லை என்று போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் சாதிக்கிறதா? எரர் மெசேஜை இன்னொரு முறை பாருங்கள். 'யூசர்ஆர்டர்ஸ்' என்பதில் யூ-வையும் ஓ-வையும் நீங்கள் கேப்பிட்டலில் அடித்திருப்பீர்கள், மெசேஜிலோ எல்லாமே ஸ்மால் லெட்டராக இருக்கும். அதுதான் துப்பு.

டபுள் கோட்ஸ் இல்லாத பெயரை போஸ்ட்கிரெஸ் ஸ்மால் லெட்டராக்கிவிட்டுத்தான் தேடும். கோட்ஸுக்குள் இருந்தால் எழுதியபடியே எடுத்துக்கொள்ளும். ஆக, கோட்ஸ் போட்டு, நடுவில் ஒரு கேப்பிட்டல் வைத்து உருவாக்கிய டேபிளை ஆயுசுக்கும் கோட்ஸ் போட்டே கூப்பிட வேண்டியதுதான். பெரும்பாலும் இந்த வேலையை நாம் செய்வதில்லை, சீக்வலைஸ், பிரிஸ்மா மாதிரி ஓஆர்எம்கள் (நமக்காக எஸ்கியூஎல் எழுதி டேட்டாபேஸுக்கு அனுப்பும் லைப்ரரிகள்) நம் மாடல் பெயரை அப்படியே கோட்ஸுக்குள் வைத்து அனுப்பிவிடுகின்றன. சீக்வலைஸில் 'அண்டர்ஸ்கோர்ட்' ஆப்ஷனை ட்ரூ என்று வைத்தால் காலம் (டேபிளின் நெடுவரிசை) பெயர்கள் அண்டர்ஸ்கோருடன் ஸ்மால் லெட்டரில் வரும். பிரிஸ்மாவில் 'மேப்' போட்டு நாமே பெயர் கொடுக்க வேண்டும்.

ஆரக்கிள் இதற்குத் தலைகீழ், கோட்ஸ் இல்லாத பெயரைக் கேப்பிட்டலாக்கும். எஸ்கியூஎல் ஸ்டாண்டர்டு சொல்வதும் அதைத்தான், போஸ்ட்கிரெஸ்தான் தனி வழி.

மைஎஸ்கியூஎல் கதை வேறு. காலம் பெயரில் கேஸ் (கேப்பிட்டலா ஸ்மாலா என்பது) அதற்குப் பொருட்டே இல்லை, ஆனால் டேபிள் பெயர் ஃபைல் சிஸ்டத்தைப் பொறுத்தது. விண்டோஸ் லேப்டாப்பில் ஓடியது லினக்ஸ் சர்வருக்குப் போனதும் படுத்துக்கொள்வது இதனால்தான். 'லோயர் கேஸ் டேபிள் நேம்ஸ்' என்ற செட்டிங் லினக்ஸில் 0, விண்டோஸில் 1, மேக்கில் 2; 0 என்றால் டேபிள் பெயரில் கேஸ் பார்க்கும், 1, 2 என்றால் பார்க்காது. 8.0 வெர்ஷனிலிருந்து சர்வரை முதன்முதலில் இனிஷியலைஸ் செய்யும்போது மட்டுமே இதை வைக்க முடியும், அப்புறம் மாற்ற விடாது.

என் கட்சி ஒன்றுதான்: எல்லாம் ஸ்மால் லெட்டர், நடுவில் அண்டர்ஸ்கோர், கோட்ஸே வேண்டாம்.

சரி, ஏற்கெனவே மாட்டிக்கொண்டாயிற்று என்றால்? போஸ்ட்கிரெஸில் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவின் (டேட்டாபேஸ் தன்னைப் பற்றி வைத்திருக்கும் பட்டியல்) காலம்ஸ் வியூவில், பெயரும் அதன் லோயர் வடிவமும் ஒத்துப்போகாத வரிகளை எடுங்கள், குற்றவாளிகள் வரிசையாக வந்துவிடுவார்கள். டேபிள் பெயர்களுக்கும் இதே வழிதான். ஒவ்வொன்றையும் ஆல்டர் டேபிள், ரீநேம் போட்டு மாற்றுங்கள், பழைய பெயருக்குக் கடைசியாக ஒரு முறை கோட்ஸ் வேண்டும். நீங்கள் உருவாக்கிய வியூக்கள் (பெயர் கொடுத்துச் சேமித்த செலக்ட்கள்) தானாகவே புதுப் பெயரைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் பிஎல்பிஜிஎஸ்கியூஎல் (போஸ்ட்கிரெஸுக்குள்ளேயே எழுதும் புரோகிராம் மொழி) ஃபங்ஷன்களின் உள்ளே இருப்பது வெறும் டெக்ஸ்ட், அது மாறாது, ஓடும்போதுதான் உடையும். அதனால் பிகின் போட்டு (கமிட் கொடுக்கும்வரை மாற்றம் நிலைக்காது) ரீநேம் செய்து, அந்த ஃபங்ஷன்களை ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கமிட் கொடுங்கள்.