பச்சிளம் குழந்தைக்குப் போட்ட ஐ.வி. லைன்: பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் புதிதாகச் சேரும் செவிலியரும் பயிற்சி மருத்துவரும் முதலில் அஞ்சுவது லைன் போடுவதற்குத்தான், அதாவது மருந்தும் திரவமும் செலுத்தச் சிரைக்குள் குழாய் வைப்பதற்குத்தான். ஒரு கிலோ எடையுள்ள குழந்தையின் புறங்கையில் நூலிழை போல ஓடும் சிரைக்குள் வென்ஃப்ளான் என்னும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயை, மஞ்சள் நிற 24 கேஜ் அளவிலோ ஊதா நிற 26 கேஜ் அளவிலோ, ஏற்றுவது கடினமான வேலைதான். ஆனால் லைன் கிடைத்துவிட்டதும் வருகிற நிம்மதியில், அதற்கு அடுத்த இரண்டு நாள் பராமரிப்பு யாருடைய கவனத்திலும் இல்லாமல் போய்விடுகிறது. தோல் கறுத்துப் புண்ணாவது, விரல் வீங்குவது, ரத்தத்தில் கிருமி சேர்வது எல்லாம் அந்த இரண்டு நாளில் நடப்பவை. மருந்து போகிறது என்றால் லைன் நன்றாக இருக்கிறது என்ற எண்ணமே இவற்றில் பலவற்றுக்கு வேர். மருந்து போவது ஒன்று, அது சிரைக்குள் போவது வேறு.

இந்த எண்ணத்தை வளர்ப்பது, மருந்தைச் சீரான வேகத்தில் தள்ளும் சிரிஞ்ச் பம்ப். பம்ப் அலாரம் அடிக்கவில்லை, ஆகவே எல்லாம் சரி என்று நம்பிவிடுகிறோம். குழாய்க்குள் அழுத்தம் கூடும்போதுதான் பம்ப் அலாரம் அடிக்கும். பச்சிளம் குழந்தையின் தோலடித் திசு மிகவும் நெகிழ்வானது. சிரையிலிருந்து வெளியே கசியும் திரவத்தைப் பெரிய எதிர்ப்பின்றி உள்வாங்கிக்கொள்ளும். கை புடைத்து இரு மடங்காகும் வரை கூட பம்ப் மௌனமாக ஓடிக்கொண்டிருக்கலாம். மணிக்கு 1 மி.லி., 2 மி.லி. என்ற மெதுவான வேகத்தில் உண்மையான அடைப்பைக்கூட அது வெகுநேரம் கழித்தே சொல்லும். ஆகவே மணிக்கு ஒருமுறை கண்ணும் விரலும் அந்த இடத்துக்குப் போக வேண்டும். தொட்டுப் பார்த்து, மென்மையாக இருக்கிறதா, கெட்டியாகவோ குளிர்ந்தோ இருக்கிறதா என்று அறிய வேண்டும். சிவப்பு, வெளிறல், ஈரம், வீக்கம் உண்டா என்று பார்க்க வேண்டும். பிறகு மறுபக்கத்துக் கையோடோ காலோடோ ஒப்பிட வேண்டும். சிறு வீக்கம் தனியாகப் பார்த்தால் தெரியாது. இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும் என்பதால் இந்த ஒப்பீட்டை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது. பின்னிழுத்தால் ரத்தம் வருகிறதா என்பதை மட்டும் அளவுகோலாகக் கொள்வதும் தவறு. இவ்வளவு சிறிய ஊசியில் நல்ல லைனிலும் ரத்தம் வராமல் போகலாம்.

பார்க்க வேண்டும் என்றால் இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். குழந்தை கையை உதறி லைனைப் பிடுங்கிவிடுமோ என்ற பயத்தில் வெள்ளை பிளாஸ்டரைச் சுற்றிச் சுற்றி ஒட்டி, மேலே பேண்டேஜும் கட்டிவிடும் பழக்கம் பல வார்டுகளில் இன்னும் இருக்கிறது. ஊசி நுழையும் இடத்தின் மேல் ஒளி ஊடுருவும் ஒட்டுப்படலம் மட்டுமே இருக்க வேண்டும். கையை அசையாமல் தாங்கும் ஸ்ப்ளின்ட் வைத்தால் மணிக்கட்டு இயல்பான நிலையில் இருக்க வேண்டும். விரல் நுனிகள் எல்லாம் வெளியே தெரிய வேண்டும். பிளாஸ்டரைக் கையை முழு வளையமாகச் சுற்றி இறுக்கக் கூடாது. வீக்கம் தொடங்கும்போது அந்த வளையமே ரத்த ஓட்டத்தை நிறுத்தும் கட்டாக மாறிவிடும். போர்வைக்குள், கையுறைக்குள், சட்டைக் கைக்குள் மறைந்த லைனும் பார்க்கப்படாத லைன்தான்.

அடுத்தது, அடைத்த லைனை வலுக்கட்டாயமாகத் திறக்க முயல்வது. இதைத்தான் மிகப் பெரிய தவறாக நான் கருதுகிறேன். இரவு மூன்று மணிக்கு லைன் ஓடவில்லை, இன்னொரு சிரை தேட மனமில்லை. கையில் கிடைத்த 1 மி.லி. சிரிஞ்சில் சலைனை (உப்புக் கரைசலை) எடுத்து அழுத்தித் தள்ளுகிறோம். சிரிஞ்ச் எவ்வளவு சிறியதோ, அதே விரல் விசையில் அது உண்டாக்கும் அழுத்தம் அவ்வளவு அதிகம். ஒன்று, உள்ளே உறைந்த ரத்தக்கட்டி போய்ச் சேரக்கூடாத இடத்துக்குப் போகும். அல்லது மெல்லிய சிரை கிழிந்து திரவம் வெளியே பாயும். மையச் சிரை வரை செல்லும் மெல்லிய நீள லைன்களில் குழாயே வெடித்துவிடலாம். அவற்றுக்கு 10 மி.லி. சிரிஞ்சையே பயன்படுத்தச் சொல்வது இதனால்தான். தடை தெரிந்தால் முதலில் கிளாம்ப் மூடியிருக்கிறதா, த்ரீ வே என்னும் மூவழித் திருகு திரும்பியிருக்கிறதா, எக்ஸ்டென்ஷன் லைன் மடங்கியிருக்கிறதா, கை மடிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் மெதுவான தள்ளலுக்கு வழிவிடவில்லை என்றால் அந்த லைன் முடிந்துவிட்டது. எடுத்துவிடுவதுதான் சரி.

லைனைத் திறந்து வைக்க எதைச் செலுத்துகிறோம் என்பதில் நேர்ந்த பிழைகள் உயிர்களைப் பலிவாங்கியிருக்கின்றன. பென்சைல் ஆல்கஹால் என்ற பதப்படுத்தி கலந்த சலைனைக் குறைமாதக் குழந்தைகளின் லைனைக் கழுவப் பயன்படுத்தியதால் மூச்சுத் திணறி, ரத்தத்தில் அமிலம் கூடிக் குழந்தைகள் இறந்தது தெரியவந்தபின், 1982-இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் இது குறித்து எச்சரித்தது. பல தடவை எடுக்கும் பெரிய குப்பியிலிருந்து சலைனை உறிஞ்சும் முன் அதன் லேபிளைப் படிக்க வேண்டியதற்கு இதுவே காரணம். பதப்படுத்தி இல்லாத, ஒருமுறை பயன்பாட்டுக்கான சலைனே குழந்தைக்கு ஏற்றது. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தின் கதையும் இப்படித்தான். 2006-இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில், மி.லி.க்கு 10 யூனிட் இருக்க வேண்டிய குப்பிகளின் இடத்தில் 10,000 யூனிட் குப்பிகள் வைக்கப்பட்டிருந்ததால், ஆயிரம் மடங்கு மருந்து ஏறி மூன்று குறைமாதக் குழந்தைகள் இறந்தன. கையிலும் காலிலும் போடும் சாதாரண லைனுக்குச் சலைனே போதும். தொப்புள் தமனி லைனுக்கும் நீள லைனுக்கும் மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவில் மட்டும், இருவர் சரிபார்த்த பிறகே ஹெப்பாரின் சேர்க்க வேண்டும். அடர்த்தியான குப்பி வார்டு அலமாரியில் இருக்கவே கூடாது.

சலைன்தானே என்று அளவு பாராமல் தள்ளுவதும் சரியல்ல. ஒரு கிலோ குழந்தையின் உடலில் உள்ள மொத்த ரத்தமே ஏறக்குறைய 80 முதல் 90 மி.லி.தான். ஒரு நாளில் பத்து முறை, முறைக்கு 1 மி.லி. என்று ஃப்ளஷ் செய்தால், அதாவது சலைனைத் தள்ளி லைனைக் கழுவினால், அதிலேயே சுமார் 1.5 மில்லிமோல் சோடியம் போய்விடுகிறது. அதன் அன்றாடத் தேவையில் இது பெரும் பங்கு. அரை மி.லி.யில் முடியும் இடத்தில் அரை மி.லி.யோடு நிறுத்தி, அதையும் திரவக் கணக்கில் எழுத வேண்டும். ரத்த அழுத்தத்தை உயர்த்தும் டோபமைன் போன்ற மருந்து ஓடிக்கொண்டிருக்கும் லைனை ஒருபோதும் ஃப்ளஷ் செய்யக் கூடாது. குழாய்க்குள் நிற்கும் மருந்து முழுவதும் ஒரே நொடியில் உள்ளே போய் ரத்த அழுத்தம் துள்ளும். காற்றுக்குமிழி விஷயத்தில் பெரியவர்களிடம் காட்டும் அலட்சியமும் இங்கே செல்லாது. பச்சிளம் குழந்தையின் இதயத்தில் வலது, இடது மேலறைகளுக்கு இடையிலான துளை முழுமையாக மூடியிருக்காது என்பதால், சிரைக்குள் போன குமிழி மூளை வரை செல்ல வழியிருக்கிறது.

எந்த மருந்தை எந்த லைனில் விடுகிறோம் என்பதிலும் கவனம் தேவை. 12.5 சதவீதத்துக்கு மேற்பட்ட டெக்ஸ்ட்ரோஸ் சர்க்கரைக் கரைசலைக் கைலைனில் விடக் கூடாது. கால்சியம் குளுக்கோனேட் கசிந்தால் திசு செத்து, தோலுக்கடியில் சுண்ணாம்பாகப் படியும். ஆகவே அதை நம்பகமான லைனில், நீர்த்து, மெதுவாக, யாராவது அருகில் நின்று பார்க்கும்போது மட்டுமே கொடுக்க வேண்டும். கால்சியமும் சோடியம் பைகார்பனேட்டும் ஒரே குழாயில் சந்தித்தால் வெண்மையாகப் படிந்து அடைத்துவிடும். செஃப்ட்ரியாக்சோனும் கால்சியமும் சேர்ந்தால் வரும் படிவு நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பாதித்துக் குழந்தைகள் இறந்ததுண்டு என்பதால், கால்சியம் பெறும் பச்சிளம் குழந்தைக்கு அந்த ஆன்டிபயாடிக்கே கூடாது.

இத்தனைக்குப் பிறகும் கசிவு ஏற்படலாம். அப்போது பதற்றத்தில் செய்யும் முதல் காரியம் வென்ஃப்ளானைப் பிடுங்கி எறிவது. அது வேண்டாம். பம்பை நிறுத்தி, குழாயைக் கழற்றி, உள்ளே இருக்கும் வென்ஃப்ளான் வழியாகவே சிறிய சிரிஞ்சால் எவ்வளவு வருகிறதோ அவ்வளவு திரவத்தை உறிஞ்சிவிட்டு, பிறகே எடுக்க வேண்டும். சரிபார்ப்பதற்காக ஃப்ளஷ் செய்வது கசிவைக் கூட்டும். வெந்நீர் ஒத்தடம் ஏற்கெனவே நைந்த தோலை வேகவைத்துவிடும், அதுவும் வேண்டாம். கையை உயர்த்தி வைத்து, வீக்கத்தின் எல்லையைப் பேனாவால் வரைந்து, நேரம் எழுதி, மருத்துவரை உடனே அழைக்க வேண்டும். கசிந்த திரவம் திசுவில் பரவிக் குறைய உதவும் ஹயலூரோனிடேஸ் ஊசியை முதல் ஒரு மணி நேரத்துக்குள் தந்தால் நன்றாகப் பயன் தரும். டோபமைன் கசிந்து தோல் வெளிறினால், சுருங்கிய ரத்தக் குழாய்களை விரிக்கும் ஃபென்டோலமைன் இருக்கிறது. டியூட்டி மாறும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று அரை மணி நேரம் தள்ளிப்போட்டால் இந்த வாய்ப்புகள் கைநழுவும்.

லைன் போனதும் இன்னொன்றும் நின்றுபோகிறது: குழந்தையின் சர்க்கரை. புதிய லைன் கிடைக்க முக்கால் மணி நேரம் ஆகும்போது, முக்கியமாக நீரிழிவுள்ள தாயின் குழந்தைக்கும் குறைமாதக் குழந்தைக்கும், ரத்தச் சர்க்கரை விறுவிறுவென இறங்கும். இடையே குதிகாலில் ஒரு சொட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். லைன் கிடைத்தபின், விட்டுப்போன திரவத்தை ஈடுகட்ட பம்பின் வேகத்தைத் தாமாகவே கூட்டுவது ஆபத்து.

கிருமி நுழையும் வாசல் பெரும்பாலும் த்ரீ வேயின் வாய்தான். கைகழுவிவிட்டு, அந்த வாயை ஆல்கஹால் துணியால் குறைந்தது 15 விநாடி அழுத்தித் தேய்த்து, உலரவிட்டு, பிறகு சிரிஞ்சைப் பொருத்த வேண்டும். ஒரு துடைப்பு துடைத்து உடனே செலுத்துவதில் பயன் இல்லை. அதே சமயம், மிகக் குறைமாதக் குழந்தையின் தோலில் ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடின் கிருமிநாசினி முதுகுக்கடியில் வழிந்து தேங்கினால் தீக்காயமே உண்டாகும்.

தொப்புள் சிரை லைன் போட்டவர்கள், அதன் நுனி உதரவிதானத்துக்குச் சற்று மேலே, எட்டாவது, ஒன்பதாவது மார்பு முள்ளெலும்பு மட்டத்தில் இருக்கிறதா என்று எக்ஸ்ரேயில் பார்த்ததோடு விட்டுவிடக் கூடாது. தொப்புள் கொடி காயக் காய லைன் இடம் மாறும். நுனி இதயத்துக்குள் போனால் இதய உறைக்குள் திரவம் சேரலாம். மைய லைன் உள்ள குழந்தை திடீரென்று துவண்டால் முதலில் அதைச் சந்தேகிக்க வேண்டும். ஷிஃப்டுக்கு ஒருமுறை செ.மீ. குறியைப் பார்த்து எழுதுவது அரை நிமிட வேலை. எதற்கும் இருக்கட்டும் என்று லைனை விட்டுவைப்பதும் கிருமிக்கு இடம்கொடுப்பதே. பால் போதுமான அளவு ஏறிவிட்டால் எந்த லைனும் அன்றே வெளியே வர வேண்டும்.

எடுக்கும்போது கத்தரிக்கோல் வேண்டவே வேண்டாம். தஞ்சாவூரில் 2021-இல் பிளாஸ்டரை வெட்டும்போது ஒரு பச்சிளம் குழந்தையின் கட்டைவிரல் துண்டானது நாம் எல்லோரும் அறிந்த செய்தி. பிளாஸ்டரைச் சலைனிலோ வெதுவெதுப்பான நீரிலோ நனைத்து, தோலை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, படுக்கைவாட்டில் மெதுவாக உரிக்க வேண்டும். ஊசியின் நுனி முழுதாக இருக்கிறதா என்று பார்த்து, பஞ்சால் சற்று நேரம் அழுத்திப் பிடித்து, அடுத்த ஒரு நாள் முழுவதும் அந்த இடத்தை ஷிஃப்டுதோறும் பார்க்கச் சொல்லிக் குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். தாயிடமும் இடத்தைக் காட்டி, சிவந்தாலோ தடித்தாலோ உடனே சொல்லும்படி கேட்டுக்கொள்ளலாம்.