ஜோடியா ஜியோகேஷிங் ஆரம்பிக்கலாம் வாங்க: சிங்கப்பூர்ல முதல் டப்பாவை தேடி எடுக்கிற வரைக்கும்

சனி ஞாயிறு வந்தா மால், லிட்டில் இந்தியா, சாப்பாடு, திரும்ப வீடுன்னு போய்க்கிட்டிருக்கிற ஜோடிங்களுக்குத்தான் இந்த பதிவு. நானும் என் வீட்டுக்காரரும் இப்ப லீவு நாள்ல காலையிலயே ஆளுக்கு ஒரு தண்ணி பாட்டிலோட கெளம்பிடுறோம், வெயில் ஏறுறதுக்குள்ள ரெண்டு மூணு டப்பா தேடிட்டு வந்து அப்புறம்தான் சாப்பாடு. செலவுன்னு பெருசா எதுவும் இல்ல, பஸ் எம்ஆர்டி காசு மட்டும்தான்.

விஷயம் ரொம்ப சிம்பிள். யாரோ ஒருத்தர் ஒரு டப்பாவை எங்கயாவது ஒளிச்சு வச்சிட்டு அந்த இடத்தோட ஜிபிஎஸ் எண்ணை ஆன்லைன்ல போட்டிருப்பாங்க. நீங்க போனை வச்சுக்கிட்டு போய் தேடி, உள்ள இருக்கிற பேப்பர்ல பேர் எழுதிட்டு, இருந்த எடத்துலயே இருந்த மாதிரியே திரும்ப வச்சிடணும். 2000 மே மாசம் அமெரிக்கா தன்னோட ஜிபிஎஸ் சிக்னல்ல வேணும்னே கலந்து வச்சிருந்த பிழையை நிறுத்துச்சு, உடனே மே 3ஆம் தேதி ஒரிகன் மாநிலத்துல டேவ் உல்மர்ங்கிறவர் ஒரு பக்கெட்டை ஒளிச்சு வச்சு இதை ஆரம்பிச்சு வச்சார். இன்னைக்கு உலகம் பூரா இந்த மாதிரி டப்பா 30 லட்சத்துக்கு மேல இருக்கு, ஆப்பை தொறந்து பாத்தீங்கன்னா நீங்க தெனமும் நடக்கிற பார்க் கனெக்டர்லயே ஒண்ணு இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு.

படி 1: ஆப்பும் அக்கவுண்ட்டும்

ஜியோகேஷிங் ஆப்பை போட்டு ஃப்ரீ அக்கவுண்ட் தொறங்க. ஆண்ட்ராய்டுல சி:ஜியோன்னு இலவச ஆப் ஒண்ணு இருக்கு, அதுவும் நல்லா வேலை செய்யும். பிரீமியத்துக்கு இப்பவே காசு கட்ட வேணாம், சில கேஷ் (ஒளிச்சு வச்ச டப்பாவை அப்படித்தான் சொல்வாங்க) அதுக்குள்ளதான் தெரியும், ஆனா ஆரம்பத்துக்கு ஃப்ரீயில தெரியறதே தாராளம். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே அக்கவுண்ட்டா தனித்தனியான்னு கேட்டா, நான் ஒரே அக்கவுண்ட்னுதான் சொல்வேன். ரெண்டு பேரையும் சேர்த்து சின்னதா ஒரு பேர் வச்சுக்கங்க, ஏன்னா சில டப்பாவுல இருக்கிற பேப்பர் விரல் அகலம்கூட இருக்காது, அதுல ரெண்டு பேர் எழுத எடமே பத்தாது.

படி 2: எதை தேடுறதுன்னு முடிவு பண்றது

இதை மட்டும் அவசரப்படாம செய்யுங்க, முதல் நாள் சந்தோஷமா திரும்புறதும் கடுப்பா திரும்புறதும் இதுலதான் இருக்கு. ஒவ்வொரு கேஷுக்கும் 1லேர்ந்து 5 வரைக்கும் ரெண்டு மார்க் இருக்கும், ஒண்ணு தேடுறது எவ்ளோ கஷ்டம், இன்னொண்ணு போற வழி எவ்ளோ கஷ்டம். ரெண்டுமே 1.5க்குள்ள இருக்கிறதா எடுங்க. டைப் 'ட்ரெடிஷனல்'னு இருக்கணும், அப்பதான் எண் காட்டுற எடத்துலயே டப்பா இருக்கும். மல்டின்னா ஒரு எடத்துல துப்பு எடுத்து அடுத்த எடம் போகணும், மிஸ்டரின்னா முதல்ல ஒரு புதிருக்கு விடை கண்டுபிடிச்சாத்தான் சரியான எண்ணே கெடைக்கும், அதெல்லாம் பழகினதுக்கு அப்புறம். சைஸ் 'ஸ்மால்' இல்லன்னா 'ரெகுலர்', அதாவது டிஃபன் டப்பா அளவு. மைக்ரோ, நேனோ எல்லாம் விரல் நுனி அளவுக்குகூட இருக்கும், முதல் நாளே அதை தேடி மனசு விட்டுடாதீங்க.

அப்புறம் கீழ இருக்கிற லாக்கை, அதாவது முன்னாடி தேடினவங்க எழுதி வச்ச குறிப்பை படிங்க. போன வாரம் போன மாசம் யாராவது கண்டுபிடிச்சிருந்தா நல்லது. கடைசியா வந்தவங்க வரிசையா டிஎன்எஃப், அதாவது கெடைக்கலன்னு போட்டிருந்தா டப்பா காணாம போயிருக்கும், அதை விட்டுடுங்க.

இன்னொண்ணு, ரெண்டு பேர்ல யாருக்கு நடை கம்மியோ அவங்களுக்கு ஏத்த மாதிரி வழியை எடுங்க. சதர்ன் ரிட்ஜஸ்ங்கிற குன்று நடைபாதை பக்கம் போறீங்கன்னா முழுசா 10 கிலோமீட்டர், அதுல ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலம் ரோட்டுக்கு 36 மீட்டர் மேல நிக்குது, பாக்க அவ்ளோ அழகு, ஆனா முதல் நாளே முழுசும் நடக்கணும்னு ஒண்ணும் இல்ல.

படி 3: பையில என்ன

பேனா. இது ரொம்ப முக்கியம், சின்ன டப்பாவுல பேனா இருக்காது. புருவம் எடுக்கிற ட்வீசர் ஒண்ணு, சுருட்டி திணிச்ச பேப்பரை இழுக்க அதை விட்டா வழி இல்ல. பவர் பேங்க், சின்ன டார்ச், கொசு மருந்து, குடை. மெக்ரிட்சி நீர்த்தேக்கம் மாதிரி குரங்கு இருக்கிற பக்கம் போனா பிளாஸ்டிக் கவரை கையில தொங்கவிட்டுட்டு போகாதீங்க, சாப்பாடுன்னு நெனச்சு புடுங்கிடும். இடி இடிச்சா தேடுறதை விட்டுட்டு கூரை பாத்து ஒதுங்கிடுங்க, டப்பா நாளைக்கும் அங்கதான் இருக்கும்.

படி 4: கடைசி பத்து மீட்டர்

நான் முக்கியமா சொல்ல வந்தது இதுதான். போற வழியில ஒருத்தர் போனை பாக்கட்டும், இன்னொருத்தர் ரோட்டையும் படிக்கட்டையும் பாக்கட்டும். ஆனா தூரம் 10 மீட்டர்னு காட்டினதும் போனை உள்ள வச்சிடுங்க. ஏன்னா வெட்டவெளியிலயே போன் ஜிபிஎஸ் அஞ்சு மீட்டர் அப்படி இப்படி இருக்கும், மரத்தடியிலயும் பில்டிங் நடுவுலயும் இன்னும் மோசம், ஒளிச்சு வச்சவரோட போனும் அதே மாதிரி கொஞ்சம் தள்ளி காட்டியிருக்கும், ரெண்டு பிழையும் சேர்ந்தா அந்த அம்புக்குறி உங்களை சுத்தி சுத்தி வர வைக்கும், 3 மீட்டர்ங்கும் உடனே 11ங்கும். ஒரு நிமிஷம் அசையாம நின்னு அது அடங்கின எடத்தை மனசுல வச்சுக்கிட்டு, அங்கேர்ந்து ஆளுக்கு ஒரு பக்கமா கண்ணால தேடுங்க.

'நான் ஒளிச்சு வைக்கிறதா இருந்தா இங்க எங்க வைப்பேன்'னு யோசிங்க. கைப்பிடி கம்பிக்கு அடியில காந்தம் ஒட்டின டப்பா, பெஞ்சுக்கு கீழ, மர வேருக்கு நடுவுல, யாரோ அடுக்கின மாதிரி கெடக்கிற கல்லு, சுள்ளி. கண்ணுக்கு தெரியாட்டி விரலால தடவி பாக்கணும், ஆனா பொந்துக்குள்ள கைய விடுறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சு பாத்துடுங்க. எங்க ரெண்டு பேர்ல அவர் பெரிய எடமா பாப்பார், நான் சின்னதா எது மாறியிருக்குன்னு பாப்பேன். ஒரு நடைபாலத்துல நான், "ஏங்க, எல்லா போல்ட்டும் துரு புடிச்சிருக்கு, இது மட்டும் ஏன் பளபளன்னு இருக்கு?"ன்னேன். அவர் திருகினார், கையோட வந்துருச்சு, உள்ள சுருட்டின பேப்பர். ரெண்டு பேரா போறதோட ருசியே இதான்ங்க.

கால் மணி நேரம் தேடியும் கெடைக்கலன்னா ஆப்ல இருக்கிற ஹிண்டை, அதாவது துப்பை பாருங்க, அதுக்குத்தான் போட்டிருக்காங்க. செடியை பிடுங்குறது, மண்ணை தோண்டுறது எதுவும் வேணாம், எடத்துக்கு சொந்தக்காரர் அனுமதி இல்லாம குழி தோண்டி புதைச்சு வைக்கிறது விதிப்படியே கூடாது. வேலி தாண்டணும்னா நீங்க தப்பான எடத்துல நிக்கிறீங்கன்னு அர்த்தம்.

படி 5: ஆள் நடமாட்டம்

சந்தேகப்படுற மாதிரி எதையாவது பாத்தா சொல்லுங்கன்னு எம்ஆர்டியில தமிழ்லயே அறிவிப்பு போடுற ஊர் இது, கம்பிக்கு அடியில கைய விட்டு துழாவிட்டு இருந்தா யாராவது பாக்கத்தான் செய்வாங்க. ஆள் வந்தா ஒருத்தர் போட்டோவுக்கு நில்லுங்க, இன்னொருத்தர் எடுங்க, ஜோடிங்களுக்கு இது ரொம்ப ஈஸி. யாராவது கேட்டா மறைக்காம சொல்லிடுங்க, சிரிச்சிட்டு போயிடுவாங்க. இந்த வெளியாளுங்களை கேஷ் தேடுறவங்க மக்கிள்னு சொல்வாங்க, அவங்க கண்ணுல டப்பா பட்டுச்சுன்னா குப்பைன்னு நெனச்சு தூக்கி போட்டுடுவாங்க, அதுக்குத்தான் இவ்ளோ ஜாக்கிரதை.

படி 6: எடுத்தாச்சு, இனி

பேப்பர்ல தேதியும் உங்க ஜோடி பேரும் எழுதுங்க, எழுதினாத்தான் கணக்கு. உள்ள சின்ன பொம்மை, சாவி கொத்து இருந்தா எடுத்துக்கலாம், ஆனா அதே மதிப்புல இல்லன்னா கூடுதல் மதிப்புல ஒண்ணு வைக்கணும். சாப்பாட்டு பொருள் வைக்கவே கூடாது, ஒரே நாள்ல எறும்பு மொய்ச்சிடும். உலோக தகட்டுல கோட் நம்பரோட ஒரு பொருள் இருந்தா அது ட்ராவல் பக், ஊர் ஊரா பயணம் போறது, எடுத்தா வேற கேஷ்ல கொண்டு போய் வைக்கணும், வீட்டு ஷோகேஸ்ல வச்சுக்க கூடாது.

மூடியை இறுக்கி மூடுங்க, நம்ம ஊர் மழைக்கு கொஞ்சம் தளர்ந்திருந்தாலே பேப்பர் கூழாயிடும். சாயங்காலம் ஆப்ல லாக் போடும்போது வெறும் நன்றின்னு மட்டும் போடாம ரெண்டு வரி எழுதுங்க, வச்சவங்க அதை ஆசையா படிப்பாங்க. எடத்தை காட்டிக்குடுக்கிற போட்டோ மட்டும் போடாதீங்க. கெடைக்கலன்னா டிஎன்எஃப் போடுங்க, அதை பாத்துதான் வச்சவர் வந்து டப்பா இருக்கான்னு பாப்பார்.