ஈவா ஸ்மித் சாவுக்கு யாரு பொறுப்பு? இருபது புளியங்கொட்டை வச்சு கண்டுபிடிப்போம்

நாடகம் ஜே.பி. பிரீஸ்ட்லியோட 'ஆன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்'. 1945ல முதல்ல சோவியத் நாட்டுல மேடை ஏறி அடுத்த வருஷம்தான் லண்டனுக்கு வந்துச்சு. கதை நடக்குறது 1912ல, பிர்லிங்ங்கற மில் முதலாளி வீட்டுல பொண்ணு ஷீலாவுக்கு நிச்சயதார்த்த விருந்து, அப்ப ஒரு இன்ஸ்பெக்டர் வந்து ஈவா ஸ்மித்னு ஒரு பொண்ணு கிருமிநாசினிய குடிச்சு செத்துப்போச்சுங்கறார். பிர்லிங், அவரு சம்சாரம், ஷீலா, மகன் எரிக்னு வீட்டு ஆளுங்க நாலு பேரு, மாப்ள ஜெரால்டு, அஞ்சு பேருக்கும் அதுல பங்கு இருக்கு.

மன்னார்குடில எங்க டியூஷன்ல யாரு காரணம்னு கேட்டா மொத்த பசங்களும் "எரிக்தான்கா"ன்னு முடிச்சிருவாங்க. அதுக்குத்தான் இந்த செய்முறை.

படி 1: காலண்டர் தாள் ஒன்ன கிழிச்சு பின்பக்கம் தேதிவாரியா எழுதுங்க. 1910 செப்டம்பர், வாரக்கூலி 22 ஷில்லிங் 6 பென்ஸ், 25 ஆக்குங்கன்னு மில்லுல ஸ்ட்ரைக், தோத்துப்போனதும் முன்னாடி நின்ன ஈவாவ பிர்லிங் வேலைய விட்டு தூக்கிட்டார். வெறும் ரெண்டரை ஷில்லிங்! கூலி கூட கேட்டா என்ன நடக்கும்னு 1968ல வெண்மணி நடந்த மண்ணுல இருக்குற நமக்கு யாரும் வெளக்க வேணாம். 1911 ஜனவரி கடைசில ஷீலா, மார்ச்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் ஜெரால்டு, நவம்பர்ல எரிக், சாவுக்கு ரெண்டு வாரம் முன்னாடி திருமதி பிர்லிங்.

படி 2: இருபது புளியங்கொட்டைய, யாருக்கு எவ்ளோ பொறுப்போ அதுக்கேத்த மாதிரி அஞ்சு பேருக்கும் பிரிச்சு வைங்க. யோசிக்காம வைங்க, முதல் தடவ எரிக் பக்கம் குவியத்தான் செய்யும், பரவால்ல.

படி 3: இப்ப ஷீலா சீன மெதுவா படிங்க. துணிக்கடைல ஒரு டிரெஸ் போட்டு கண்ணாடில பாக்குறா, அவளுக்கு பொருந்தல, பின்னாடி நின்ன ஈவா லேசா சிரிச்ச மாதிரி தெரியுது, உடனே மேனேஜர்கிட்ட போய் இவள அனுப்பலன்னா இனிமே கடை பக்கமே வரமாட்டேன், எங்கம்மாவோட அக்கவுண்ட்டையும் மூட வச்சிருவேங்கறா, அவ்ளோதான் வேலை போச்சு. தீபாவளி கூட்டத்துல கும்பகோணம் கடைகள்ல நமக்கு நாப்பது சேலை விரிச்சு காட்டுற அக்காங்கள நெனச்சுக்கோங்க, அவங்க உக்கார சீட்டு போடணும்னு இங்க சட்டம் வந்ததே 2021லதான். நாம முகத்த சுளிச்சு சூபர்வைசர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன ஆகும்? ஷீலாவுக்கு எத்தன கொட்டைன்னு திரும்ப பாருங்க.

(ஜெரால்டு ஒரு குழப்பக்கேஸ். பசில இருந்தவளுக்கு சாப்பாடும் தங்க இடமும் குடுத்தான், அப்புறம் கழட்டி விட்டான். நான் ரெண்டுக்கு மேல போடமாட்டேன்.)

படி 4: தேதிப்படி எரிக்தான் முன்னாடி, அம்மா கடைசி. ஆனா மேடைல அம்மாவ எரிக்குக்கு முன்னாடி விசாரிக்க விட்டுருக்கார் பிரீஸ்ட்லி. ஏன்? கர்ப்பமா உதவி கேட்டு வந்தவள ஏழைப் பொண்ணுங்களுக்கு உதவுற கமிட்டில சொல்லி தொரத்தின அந்தம்மா, எல்லாத்துக்கும் கொழந்தையோட அப்பன்தான் பொறுப்பு, அவன விடாதீங்கன்னு கத்துது, அது தன் புள்ளதான்னு தெரியாம. உங்க இருபது கொட்டையும் எரிக் மேல போச்சுன்னா நீங்களும் அந்தம்மா மாதிரிதான் கணக்கு போட்டிருக்கீங்க. பரீட்சைல இந்த பாயிண்ட்ட கண்டிப்பா எழுதுங்க.

படி 5: கடைசில ஜெரால்டு ஒரு ஓட்டை கண்டுபிடிக்கறான். இன்ஸ்பெக்டர் எல்லாருக்கும் ஒண்ணா போட்டோ காட்டல, அப்ப எல்லாம் ஒரே பொண்ணுன்னு என்ன நிச்சயம், வேற வேற பொண்ணா இருக்கலாமேன்னு. பெருசுங்க ரெண்டும் ஜெரால்டும் அப்பாடான்னு ஆயிடறாங்க, ஷீலாவும் எரிக்கும் மட்டும் ஒத்துக்கல. இந்த எடத்துல புக்க மூடிட்டு, கடைசில போலீஸ்கிட்டேர்ந்து போன் அடிக்கறதுக்கு முன்னாடியே, கொட்டைய திருப்பி எடுத்துக்கலாமான்னு பசங்கள கேளுங்க. எங்க கிளாஸ்ல ஒம்போதாவது படிக்கற ஒரு பொண்ணு, "அப்ப அஞ்சு பொண்ணுக்கும் தனித்தனியா வைக்கணும்கா, இது பத்தாது"ன்னா. நான் எழுந்து போய் அடுக்களை டப்பாவ எடுத்துட்டு வந்தேன்.