ஐசோட்ரெடினாயின் சாப்பிடும் பெண்களுக்கு: முதல் கேப்சூலுக்கு முன்பும் கடைசி கேப்சூலுக்குப் பின்பும்

முகப்பருவுக்காக ஏழு மாதம் ஐசோட்ரெடினாயின் சாப்பிட்டு முடித்துவிட்டேன். முகம் தெளிந்துவிட்டது. அதைப் பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன். கருத்தரிக்கும் வயதில் இருக்கும் ஒரு பெண் இந்த மருந்தை எப்படிப் பத்திரமாகச் சாப்பிடுவது என்பதைத்தான் இன்று எழுத வேண்டும். நான் தேடிய இடங்களில் எல்லாம் "கர்ப்பிணிகள் சாப்பிடக் கூடாது" என்ற ஒரே வரிதான் கிடைத்தது. சரி, நான் கர்ப்பமாக இல்லை என்பதை எப்படி உறுதி செய்வது? அந்த இடத்தில்தான் நான் தவறு செய்யப் பார்த்தேன்.

முதலில், ஏன் இவ்வளவு பயம். இந்த மருந்து வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்தது. கரு உருவாகும்போது எந்த உறுப்பு எங்கே வர வேண்டும் என்பதை அந்த வைட்டமினின் அளவும் தீர்மானிக்கிறது. அந்த அளவு தாறுமாறானால் காது, முகம், இதயம், மூளை எல்லாமே பாதிக்கப்படலாம். கருத்தரித்து ஏறக்குறைய 22 நாளில் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. மூளையும் தண்டுவடமுமாக வளரப்போகும் குழல் 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. அந்த 28வது நாளில் உங்களுக்கு நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். "கொஞ்சம் லேட் ஆகுது போல" என்று நினைத்துக்கொண்டிருக்கும் நேரத்திலேயே முக்கியமான வேலை முடிந்துவிடுகிறது. குறைந்த டோஸ்தானே, நாலு நாள்தானே என்ற சமாதானத்துக்கும் இடமில்லை. இந்த மருந்தில் கருவுக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது.

படி 1: டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள்

வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்பதை ஒன்று விடாமல் சொல்லுங்கள். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமாசெபின், மனச்சோர்வுக்கு மூலிகை என்று விற்கும் செயின்ட் ஜான்ஸ் வொர்ட், இவையெல்லாம் கருத்தடை மாத்திரையின் பலத்தைக் குறைத்துவிடும். பருவுக்காக ஏற்கெனவே டாக்ஸிசைக்ளின் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் மண்டைக்குள் அழுத்தம் கூடக்கூடும். வைட்டமின் ஏ மாத்திரை இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

படி 2: ஒரு மாதம் முன்பே இரண்டு கருத்தடை

கேப்சூல் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே இரண்டு முறைகளைச் சேர்த்துக் கடைப்பிடிக்க வேண்டும். ஒன்று பலமானது: காப்பர் டி, கையில் வைக்கும் இம்ப்ளான்ட், கருத்தடை மாத்திரை போன்றவை. இன்னொன்று ஆணுறை. புரோஜெஸ்டின் என்ற ஒரே ஹார்மோன் மட்டும் உள்ள மினி மாத்திரை இந்த மருந்துக்குப் போதாது. பாதுகாப்பான நாள் பார்ப்பதைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள்.

என்னைக் கேட்டால் காப்பர் டிதான். கருத்தடை மாத்திரையைத் தினமும் நினைவு வைத்துச் சாப்பிட வேண்டும். சாப்பிட்ட மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அது சாப்பிடாத கணக்கு. காப்பர் டியில் அந்தத் தொல்லை இல்லை. உங்கள் உடம்புக்கு எது ஒத்துவரும் என்பதை டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

படி 3: கர்ப்பப் பரிசோதனை, எந்த நாளில் என்பதுதான் முக்கியம்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்த அன்று மாலையே ஒரு பரிசோதனைக் கிட் வாங்கி வந்தேன். ஒரு கோடுதான் வந்தது. நெகட்டிவ். சாப்பாட்டு மேசையில் மருந்து அட்டை, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். அட்டையின் பின்புறம் கர்ப்பிணி உருவம், அதன் மேல் குறுக்கே ஒரு கோடு. ஒரு கேப்சூலைப் பிதுக்கிக் கையில் எடுத்தபோது அக்கா போன் செய்தாள். அவள் நர்ஸ். டெஸ்ட் நெகட்டிவ் என்று சந்தோஷமாகச் சொன்னேன். "எல்லாம் சரி, கடைசியா எப்போ ஒண்ணா இருந்தீங்க?" என்று கேட்டாள். யோசித்துச் சொன்னேன், ஒன்பது நாள். "அந்தக் கேப்சூலைக் கீழே வை."

காரணம் இதுதான். அந்தக் கிட் கருவைப் பார்ப்பதில்லை. கரு கருப்பையில் ஒட்டிய பிறகு சுரக்கும் எச்.சி.ஜி. என்ற ஹார்மோனைத்தான் பார்க்கிறது. ஒட்டுவதற்கே ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம். அதற்குப் பிறகுதான் அந்த ஹார்மோன் சிறுநீரில் தெரியும் அளவுக்குக் கூடும். ஒன்பதாவது நாளில் வந்த நெகட்டிவ் எனக்கு எதையுமே சொல்லவில்லை. கருத்தடை இல்லாமல் உறவு கொண்ட கடைசி நாளிலிருந்து மூன்று வாரமாவது கழிந்திருந்தால்தான் நெகட்டிவை நம்பலாம்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். மருந்து சாப்பிடுவது என்று முடிவானதும் ஒரு பரிசோதனை. அப்புறம் ஒரு மாதம் இரண்டு கருத்தடையோடு காத்திருங்கள். அடுத்த மாதவிடாய் தொடங்கிய முதல் ஐந்து நாளுக்குள் இரண்டாவது பரிசோதனை. அதை ஆய்வகத்தில் செய்துகொள்வதே நல்லது. ஒரு மாதம் வீணாகிறதே என்று எனக்கும் ஆற்றாமையாக இருந்தது. பரு ஒரு மாதம் காத்திருக்கும்.

படி 4: தொடங்குவது

இரண்டாவது பரிசோதனையும் நெகட்டிவ் என்றால், மாதவிடாயின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் தொடங்கலாம். கொஞ்சம் கொழுப்புள்ள உணவோடு சாப்பிடுங்கள், வெறும் வயிற்றில் மருந்து சரியாக உறிஞ்சப்படாது.

படி 5: மாதா மாதம்

ஒவ்வொரு மாதமும் பரிசோதனை, நெகட்டிவ் பார்த்த பிறகே அடுத்த மாத மருந்து. ஒரேயடியாக மூன்று மாதத்துக்கு வாங்கி வைக்காதீர்கள். போன் ஆப் எனக்குச் சரிப்படவில்லை. மணியடித்ததும் கை தானாக அணைத்துவிடுகிறது. சுவரில் மாட்டும் காகிதக் காலண்டரில் பரிசோதனை நாளைச் சிவப்பில் வட்டமிட்டேன். அது வீட்டில் இருவர் கண்ணிலும் படும். பொறுப்பும் இருவருக்கும்தான்.

நடுவில் ஆணுறை கிழிந்தாலோ கருத்தடை மாத்திரை தவறினாலோ உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். அவசரக் கருத்தடை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. நாள் தள்ளிப்போனால் முதல் வேலை கேப்சூலை நிறுத்துவது, அப்புறம் பரிசோதனை.

படி 6: கைமாறக் கூடாது

தோழிக்கும் பரு இருக்கிறதே என்று நாலு கேப்சூல் கொடுக்காதீர்கள். மருந்து சாப்பிடும் காலத்திலும், நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் ரத்த தானம் கூடாது. அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்படலாம். மிஞ்சியதை மருந்துக்கடையில் திருப்பி ஒப்படைக்க முடியுமா என்று கேளுங்கள்.

படி 7: நிறுத்திய பிறகு

கடைசி கேப்சூலுக்குப் பிறகும் முழுதாக ஒரு மாதம் இரண்டு கருத்தடையும் தொடர வேண்டும். டாக்டர் "போதும்" என்று சொன்ன நாளை வைத்து எண்ணாதீர்கள். அட்டையில் மிச்சம் இருந்த இரண்டை அதற்குப் பிறகு சாப்பிட்டிருந்தால், கணக்கு அந்த இரண்டாவது கேப்சூலிலிருந்துதான் தொடங்கும். மாதம் முடிந்ததும் கடைசிப் பரிசோதனை.

பின்சேர்க்கை: ஒரு பெண் சொரியாசிஸுக்கு அசிட்ரெடின் சாப்பிடுவதாகவும், ஒரு மாதம் காத்திருந்தால் போதும்தானே என்றும் எழுதியிருந்தார். போதாது! பெயர் ஒரே மாதிரி ஒலித்தாலும் அசிட்ரெடினுக்கு மூன்று வருடம். மது உடம்பில் சேர்ந்தால் அசிட்ரெடின் எட்ரெடினேட் என்ற வேறொரு பொருளாக மாறும். அது கொழுப்பில் போய்த் தங்கிக்கொண்டு வெளியேற வருடக்கணக்காகும். நான் சொன்ன ஒரு மாதக் கணக்கு ஐசோட்ரெடினாயினுக்கு மட்டும்.

இன்னொரு பின்சேர்க்கை: கணவர் ஐசோட்ரெடினாயின் சாப்பிட்டால்? விந்தில் வரும் அளவு மிகக் குறைவு, அதனால் கருவுக்கு ஆபத்து இருப்பதாகத் தெரியவில்லை. ரத்த தானம், கைமாற்றுவது இரண்டும் அவருக்கும் கூடாது. தாலிடோமைடு என்றால் கதை வேறு. 1957 முதல் 1961 வரை கர்ப்பிணிகளுக்கு விற்கப்பட்டு, கைகால் வளராத ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிறக்கக் காரணமான அதே மருந்து, இன்று ரத்தப் புற்றுநோய் ஒன்றுக்குக் கொடுக்கப்படுகிறது. அது விந்திலும் கலக்கும். சாப்பிடும் ஆண் ஆணுறை அணிந்தே ஆக வேண்டும்.

கல்யாணம் ஆகாத ஒரு பெண், அம்மா கூடவே உட்கார்ந்திருந்ததால் டாக்டரிடம் எதையும் சொல்ல முடியவில்லை என்று எழுதியிருந்தார். "டாக்டர், உங்களோடு ரெண்டு நிமிஷம் தனியாப் பேசணும்" என்று கேளுங்கள் தங்கையே. கேட்பது உங்கள் உரிமை.

கடைசியாக, வலிப்புக்கு வால்ப்ரோயேட் சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துப் பயந்து தாங்களாகவே மருந்தை நிறுத்திவிடாதீர்கள். அதுவும் கருவைப் பாதிக்கும் மருந்துதான். ஆனால் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு திரும்பி வந்து உங்கள் உயிருக்கே ஆபத்தாகலாம். கருத்தடையை விடாமல், இன்றைக்கே நரம்பியல் டாக்டருக்குப் போன் செய்து, குழந்தைக்குத் திட்டமிடுவதற்கு முன் மருந்தை எப்படி மாற்றுவது என்று கேளுங்கள்.