பயனியர், முன்னோடி, ட்ரெயில்பிளேஸர்: மலர் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பில் எந்தப் பாடசாலை விழா மலரை விரித்தாலும் பத்துப் பக்கத்துக்குள் ஒரு முன்னோடி எதிர்ப்படுவார். ஆங்கில வாழ்த்துச் செய்தியில் அவரே பயனியர். கொஞ்சம் புதிதாக எழுத நினைத்தவர் ட்ரெயில்பிளேஸர் என்று போட்டிருப்பார். ஓய்வு பெறும் அதிபருக்கும், ஊரில் முதலாவது கொம்பியூட்டர் கடை போட்டவருக்கும், விபுலானந்த அடிகளுக்கும் ஒரே பட்டம். அச்சுக்குப் போகுமுன் இத்தகைய பக்கங்களைத் திருத்திக் கொடுக்கிறவன் என்ற முறையில், திரும்பத் திரும்பக் கண்ணில் படும் பிழைகளை இங்கே எழுதுகிறேன்.

பயனியர் பிறந்த நாள் முதலே மரியாதைச் சொல் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. லத்தீனில் பாதத்துக்கு ‘பெஸ்’ என்று பெயர். அதிலிருந்து காலாட்படை ஆளைக் குறிக்கும் சொல் வந்து, பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. அப்போது பயனியர் என்றால் படைக்கு முன்னே மண்வெட்டியும் கோடரியுமாகப் போய்ப் பாதை வெட்டுகிறவன், அகழி தோண்டுகிறவன். வாள் பிடித்தவர்கள் அவனை மதித்ததே இல்லை. ‘ஹாம்லெட்’ நாடகத்தில் நிலத்துக்கு அடியிலிருந்து குரல் கொடுக்கும் தந்தையின் ஆவியை மகன் கிழட்டு அகழெலி என்று கூப்பிட்டு, நல்ல பயனியர்தான் என்கிறான். பாராட்டு விழாவில் சொல்லக்கூடிய வசனமா அது?

சதுரங்கத்தில் நாம் காலாள் என்கிற காய்க்கு ஆங்கிலத்தில் உள்ள ‘போன்’ (pawn) என்ற பெயரும் அதே வேர்தான். கச்சேரி என்கிற அரச அலுவலகத்தில் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாகப் போன பியோனும் அந்தக் குடும்பத்து ஆள்தான். அவர் போர்த்துக்கீசர் வழியாக வந்தவர். மேடையில் பொன்னாடை போர்த்திக்கொள்ளும் பயனியருக்கும் அவருக்குத் தேநீர் கொண்டுவரும் பியோனுக்கும் பாட்டன் ஒருவனே என்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம்.

இலங்கையிலும் இந்தப் பழைய பொருளில் பயனியர்கள் இருந்தார்கள். 1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு–கண்டி வீதியை வெட்டியதில் பயனியர் படைக்குப் பெரிய பங்குண்டு. தென்னிந்தியாவில் திரட்டப்பட்ட ஆட்கள் அதில் நிறைய. வீதி போட்டவர் என்று இராணுவ அதிகாரி தோமஸ் ஸ்கின்னரின் பெயர் நிலைத்தது. பயனியர் என்ற சொல்லுக்கே சொந்தக்காரர்களான அந்த மண்வெட்டிக்காரர்களின் பெயர் பாடநூலில் ஏறவில்லை.

சொல் மேலே ஏறியது படிப்பாளிகளின் கையில். 1605இல் ஆங்கில மெய்யியலாளர் பிரான்சிஸ் பேக்கன் இயற்கையை ஆராய்பவர்களை இரு வகையாகப் பிரித்தார்: தோண்டுகிற பயனியர்கள், தோண்டியதை உருக்கி அடிக்கிற கொல்லர்கள். புதுத்துறை ஒன்றைத் தொடக்கி வைப்பவர் என்ற இன்றைய பொருளுக்கு வழி திறந்தது இத்தகைய உவமைகள்தான். அதனால் ஒருவரைப் பயனியர் என்று எழுதுமுன் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: அவர் வெட்டிய வழியில் பின்னால் யார் போனார்கள்? யாரும் போகவில்லை என்றால் அவர் துணிச்சல்காரர், தனி வழிக்காரர், முன்னோடி அல்ல.

அடுத்தது, முன்னோடியையும் முதல்வரையும் ஒன்றாக்குவது. ‘முதல் முன்னோடி’ என்று இரட்டிப்பாக எழுதுகிறவர்களும் உண்டு. விபுலானந்தரையே எடுத்துக்கொள்வோம். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானார். அங்கே அவர்தான் முதலாமவர். அது பதவி பற்றிய தகவல், ‘முதல்’ என்றே எழுதலாம். 1947இல் வெளிவந்த யாழ் நூல் வேறு கதை. பழந்தமிழ் இசையை அந்த நூலைத் தொடாமல் பின்னால் வந்தவர்கள் பேச முடியவில்லை. முன்னோடி என்ற சொல் அங்கேதான் பொருந்துகிறது.

வில்லியம் ஓல்ட் விஷயத்தில் பிழை வேறு விதமாக வரும். மெதடிஸ்த திருச்சபை சார்பில் 1814இல் மட்டக்களப்புக்கு வந்து பள்ளி தொடங்கினார், அடுத்த ஆண்டே இறந்தார். அவர் தொடங்கியது இன்றும் மெதடிஸ்த மத்திய கல்லூரியாக நிற்கிறது. முன்னோடி என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் மலர்களில் அவர் ‘மட்டக்களப்பின் முதல் மிஷனரி’ ஆகிவிடுகிறார். போர்த்துக்கீசர் இங்கே கோட்டை கட்டியது 1628இல். குருமாரும் அவர்களோடு வந்தார்கள். ‘கல்வியின் முன்னோடி’ என்றும் எழுதுகிறார்கள். அதற்கு முன் இங்கே ஏடும் எழுத்தாணியும் பிடித்தவர்களை அது துடைத்துவிடுகிறது. ‘இங்கு மெதடிஸ்தப் பள்ளிகளின் முன்னோடி’ என்றால் யாருக்கும் குறையில்லை.

இந்தத் துடைக்கும் குணம் அமெரிக்காவில் வந்து ஒட்டியது. 19ஆம் நூற்றாண்டில் மேற்கே போய் நிலம் பிடித்தவர்கள் அங்கே பயனியர்கள். யூட்டா மாநிலத்தில் 1847 யூலை 24ஐ வைத்துப் பயனியர் தினம் என்று விடுமுறையே உண்டு. அவர்கள் போன இடத்தில் ஏற்கனவே மக்கள் வாழ்ந்தார்கள் என்பதை அந்தச் சொல் காட்டாது. அம்பாறைக்காரர் இதில் கவனமாக இருக்க வேண்டும். 1949இல் தொடங்கிய கல்லோயா நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டத்தின் குடியேறிகளை ஆங்கிலத்தில் பயனியர் என்று எழுதினால், அந்தப் பள்ளத்தாக்கில் வேட்டையாடித் திரிந்த வேடர்கள் இல்லாமல் போவார்கள். நாம் பட்டிப்பளை ஆறு என்கிற அதே கல்லோயா ஆற்றை நம்பிக் கீழே வயல் செய்த தமிழரும் முஸ்லிம்களும் அப்படித்தான். குடியேறியவர் என்ற சாதாரணச் சொல் போதும்.

ட்ரெயில்பிளேஸரில் நடப்பது பெருங்கூத்து. பிளேஸ் என்றதும் நெருப்பு நினைவுக்கு வர, ‘பாதையில் தீச்சுடர் ஏந்தியவர்’ என்று மொழிபெயர்க்கிறார்கள். ஒருவர் ‘வழியை எரித்தவர்’ என்றே எழுதியிருந்தார்! இங்கே பிளேஸ் என்பது குதிரையின் நெற்றியிலுள்ள வெள்ளைக் குறி. நம் மாட்டுக்காரர் நெற்றிச்சுட்டி என்பார்களே, அது. காட்டில் வழி தெரிய மரப்பட்டையைச் செதுக்கினால் தெரியும் வெள்ளை மரத்துக்கும் அந்தப் பெயர் வந்தது. காட்டுக்குள் போகிறவன் குழை முறித்து அடையாளம் வைப்பதும் இதே காரியம். வழிகாட்டி அடையாளம் வைத்தவர் என்பதுதான் பொருள்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது ஒரு பொறி உண்டு. ஓ.எல். எனும் சாதாரண தரப் பரீட்சைக்கு முன் மாணவர் பயிற்சிக்காக எழுதும் முன்னோடிப் பரீட்சை பயனியர் பரீட்சை ஆகாது. முன்னோடித் திட்டமும் அப்படியே. திட்டத்துக்கு ஆங்கிலத்தில் பைலட் என்ற சொல், பயிற்சிப் பரீட்சைக்குப் பொதுவான சொல் மொக். வேனில் பாட்டுப் போடும் பயனியர் செட் ஜப்பான் கம்பனியின் பெயர், அதை மொழிபெயர்க்க வேண்டாம்.

உயிரியலில் மட்டும் முன்னோடி இனம் என்பது கச்சிதமான சொல். கல்லடிக் கடற்கரையின் வெறும் மணலில் முதலில் படர்ந்து அதைப் பிடித்து நிறுத்தும் அடம்பன் கொடி நல்ல உதாரணம். அதன் அறிவியல் பெயரில் வரும் ‘பெஸ்-கேப்ரே’ என்றால் ஆட்டின் பாதம். இலை குளம்பு மாதிரி பிளந்திருப்பதால். பயனியரில் ஒளிந்திருக்கும் அதே பாதம்! ஆனால் முன்னோடி இனம் அந்த இடத்தை என்றைக்கும் ஆளும் என்று விடைத்தாளில் எழுதிவிடாதீர்கள். மண் கொஞ்சம் தேறிப் பின்வரும் செடிகள் தலையெடுத்தால் முன்னோடி பின்வாங்கும் என்பதுதான் பாடம். மாற்றி எழுதினால் புள்ளி போய்விடும்.