12 தந்தி கிற்றார் நெக்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு 12 தந்தி கிற்றார் தேடுகிறவர்களில் நிறையப் பேர் வாசித்துப் பார்க்காமல்தான் வாங்குகிறார்கள். கனடாவில் இருக்கிற மாமா படம் அனுப்புவார், இல்லாவிட்டால் கொழும்பில் யாரோ விற்கிற பழையது ஒன்று பஸ்ஸில் வந்து இறங்கும். நெக்கைப் பற்றி, அதாவது கை பிடித்து வாசிக்கிற கழுத்துப் பகுதியைப் பற்றி, அவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: நட் (நெக்கின் மேல்முனையில் தந்திகள் வெட்டுகளில் உட்காருகிற சிறு துண்டு) எத்தனை மில்லிமீற்றர் அகலம்? அது போதவே போதாது. அகலம், தடிப்பு, பின்பக்க வளைவு, தந்திகளின் இடைவெளி நாலும் தனித்தனி விஷயங்கள், ஒன்றைத் தெரிந்துகொண்டு மற்றதை ஊகிக்க முடியாது.

முதலில் அந்த அகலத்தையே பார்ப்போம். யமஹா எஃப்ஜி820-12 இன் நட் 46 மில்லிமீற்றர், டெய்லரின் 12 தந்திக் கிற்றார்களில் வழக்கமாக 47.6. இந்த ஒன்றரை மில்லிமீற்றரை வைத்து எது வசதி என்று வாதாடுகிறார்கள். ஆனால் 12 தந்திகளும் ஆறு சோடிகளாகத்தான் இருக்கின்றன, உங்கள் விரலுக்குக் கிடைக்கிற இடம் ஒரு சோடித் தந்திக்கும் அடுத்த சோடிக்கும் நடுவில் இருக்கிற வெளிதான், அது நட்டில் வெட்டுகள் எப்படிப் போடப்பட்டிருக்கின்றன என்பதைப் பொறுத்தது. ஒரே சோடியின் இரண்டு தந்திகளும் தள்ளித் தள்ளி இருந்தால் அகலமான நெக்கிலும் ஏ கோர்ட் (பல தந்திகளைச் சேர்த்து ஒலிக்கிற சுரக்கூட்டு) பிடிக்கும்போது இரண்டாவது ஃபிரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) மூன்று விரலும் நெரிபடும், மிகக் கிட்ட இருந்தால் பலமாக அடிக்கும்போது ஒன்றோடொன்று உரசும். வெளிப்பக்கச் சோடிகள் ஓரத்துக்கு மிகக் கிட்டப் போனாலும் கரைச்சல், கடைசி ஈ தந்தி ஃபிரெட்டை விட்டு வழுக்கி விழும். ஆகவே முதல் தந்தியிலிருந்து கடைசித் தந்தி வரை எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள்.

அடுத்த தவறு, மெல்லிய நெக் என்றால் இலகு என்று நினைப்பது. ஆறு தந்தியில் அது பலருக்குச் சரிவரும். 12 தந்தியில் நெக் ஏற்கெனவே அகலம், அதோடு தட்டையாகவும் இருந்தால் உள்ளங்கைக்குப் பிடிமானம் இல்லாமல் பெருவிரலின் அடித்தசைதான் முழு வேலையும் செய்யும், ஒரு விரலைத் தந்திகளுக்குக் குறுக்கே வைத்து அமத்துகிற பார் கோர்ட் அதிகமுள்ள ஒரு பாட்டு முடிய முன்னமே அந்த இடம் நோகத் தொடங்கிவிடும். பின்பக்கம் சி வடிவில் மெதுவாக உருண்டிருந்தால் கை எங்கே போனாலும் ஒரே மாதிரி இருக்கும். டி வடிவம் நடுவில் தட்டை, பெருவிரலை நெக்கின் பின்னால் நிமிர்த்தி வைத்து வாசிக்கிறவர்களுக்கு நல்லது. வி வடிவம் வள்ளத்தின் அடிப்பாகம் போலக் கூராக இறங்கும், பெருவிரலை மேலால் கொண்டுவந்து சில தந்திகளை அமத்தாமல் விடுகிற திறந்த கோர்ட்கள் பிடிக்கிறவருக்கு அது சுகம், பார் கோர்ட்டில் அதே கூர் பெருவிரலில் குத்தும். உங்கள் பெருவிரல் எங்கே நிற்கிறது என்று இப்போது வாசிக்கிற கிற்றாரில் ஒருமுறை கவனித்துப் பாருங்கள், கை சின்னதா பெரியதா என்பதைவிட அதுதான் முக்கியம். தடிப்பையும் முதல் ஃபிரெட்டில் மட்டும் பார்த்துவிட்டு விடவேண்டாம், ஒன்பதாவது ஃபிரெட்டுக்குப் போகும்போது சில நெக்குகள் சட்டென்று தடித்துவிடும்.

எனக்கு உண்மையாகவே கவலை தருவது இன்னொன்று. நெக் தடிப்பாக இருக்கிறது என்று தச்சரிடம் கொடுத்தோ தாங்களே சாண்ட்பேப்பர் போட்டோ தேய்க்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். 12 தந்திகளையும் சரியான சுருதியில் ஏற்றினால் நெக்கை இழுக்கிற மொத்த விசை 100 கிலோவுக்கு மேல். அதைத் தாங்கத்தான் கில்ட் போன்ற கிற்றார்க் கம்பனிகள் நெக்குக்குள் இரண்டு ட்ரஸ் ரொட் (நெக்கின் வளைவைத் திருத்துகிற உலோகக் கம்பி) வைக்கின்றன. மரத்தின் விறைப்பு தடிப்பின் மும்மடிக்கு (தடிப்பு × தடிப்பு × தடிப்பு) ஏற்ப மாறும் என்பதால் 22 மில்லிமீற்றர் நெக்கை 20 ஆக்கினால் கிட்டத்தட்டக் கால்வாசி விறைப்பு போய்விடும். கைக்கு இரண்டு மில்லிமீற்றர் லாபம், அப்புறம் நெக் முன்னால் வளைந்து தந்திகள் மேலெழும்பும். ஆறு தந்திக் கிற்றாரில் துளை போட்டு 12 ஆக்குவதும் இதே காரணத்தால் கூடாது.

அத்தோடு, கை நோகிறது என்றால் குற்றம் நெக்கின் வடிவத்தில் என்று உடனே முடிவெடுக்காதீர்கள். நட்டின் வெட்டுகள் ஆழம் போதாமல் இருந்தாலும் அப்படித்தான் நோகும். இரண்டாவது, மூன்றாவது ஃபிரெட்டுகளுக்கு நடுவில் தந்தியை அமத்திப் பிடித்துக்கொண்டு முதல் ஃபிரெட்டைப் பாருங்கள். தந்திக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழை வெளிச்சம் தெரிந்தால் சரி, தாராளமாகத் தெரிந்தால் நட்டைத்தான் திருத்த வேண்டும். கீழ்ச்சுருதி நாலு சோடியிலும் தடித்த தந்திக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய தந்தி இருக்கிறது, அது பதிந்து கிடந்தால் விரல் தடித்ததில் முட்டி நின்றுவிடும், மெல்லியது சரியாக அமராமல் இரையும். அதற்காக இன்னும் பலமாக அமத்துவார்கள், நோவு கூடும்.

சோளகக் காற்றும் வாடைக் காற்றும் மாறுகிற காலத்தில் மரம் ஈரத்தை எடுத்தும் விட்டும் அசைவதால் நெக்கின் வளைவும் கொஞ்சம் மாறும். நேற்று நன்றாக இருந்தது இன்று கடினமாக இருந்தால் முதலில் ட்ரஸ் ரொட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கிறவர்கள் மாமாவுக்கு இப்படி எழுதுங்கள்: நட் அகலம், முதல் தந்திக்கும் கடைசித் தந்திக்கும் இடைத்தூரம், முதலாவதிலும் ஒன்பதாவதிலும் நெக் தடிப்பு, பின்பக்கம் உருண்டையா தட்டையா கூரா. தடிப்பை அளக்க அடிமட்டம் சரிவராது, வேணியர் இடுக்கி வேண்டும். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்த யாராவது பக்கத்தில் இருந்தால் ஒரு நிமிட வேலை. கேப்போவும் (எல்லாத் தந்திகளையும் ஒரே ஃபிரெட்டில் அமத்திப் பிடிக்கிற கவ்வி) சேர்த்து அனுப்பச் சொல்வதானால் 12 தந்திக்கென்று செய்ததையே கேளுங்கள், ஆறு தந்திக் கேப்போ ஓரத்துச் சோடியை எட்டாமலோ மெல்லிய தந்திகளை அமத்தாமலோ விட்டுவிடும்.